தவறான பக்கத்தில் செத்துப்போனவன்: ஹவியேர் செர்காஸின் 'லார்ட் ஆஃப் ஆல் தி டெட்'

மானுவேல் மேனா இறந்தபோது அவனுக்கு 19 வயது. 1938 செப்டம்பர் 21. ஸ்பானிய உள்நாட்டுப் போரின் மிக நீண்ட சண்டையான எப்ரோ போர் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. குண்டடிபட்டவனை போட் என்ற சிற்றூருக்குத் தூக்கிவந்தார்கள். அங்கே ஒரு பெரிய வீட்டை ராணுவ ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். அந்த வீட்டிலேயே உயிர் போனது. அவன் சண்டை போட்டது ஃபிராங்கோவுக்காக. படிக்கிற வயதில் பாசிச இயக்கமான ஃபலாங்கேயில் சேர்ந்து, யாரும் கூப்பிடாமலே போருக்குப் போனவன். (அவன் என்றுதான் எழுத வருகிறது. 1919இல் பிறந்தவர், கணக்குப்படி நமக்குக் கொள்ளுத்தாத்தா. ஆனால் 19 வயதில் நின்றுபோனவரை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.)

நாவலாசிரியர் ஹவியேர் செர்காஸின் அம்மாவுக்கு இவன் சித்தப்பா. எஸ்த்ரெமதூரா மாகாணத்தில் இபாஹெர்னாந்தோ என்ற வறண்ட கிராமத்தில் அந்த வீட்டுக்கே அவன்தான் ஹீரோ. அவன் சாகும்போது செர்காஸின் அம்மா சின்னப் பெண். பிறகு கல்யாணமாகி, பிள்ளைகளோடு பிழைப்பு தேடி நாட்டின் மறுமூலையில் கத்தலோனியாவுக்குக் குடிபெயர்ந்து, கிழவியான பிறகும் அந்தச் சித்தப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார். மகனுக்கோ அவனை நினைத்தாலே கூச்சம். நம் குடும்பம் பாசிஸ்டுகளின் குடும்பம் என்ற கூச்சம். பல வருடம் எழுதாமல் தள்ளிப்போட்டு, கடைசியில் 2017இல் ஸ்பானிய மொழியில் வெளியிட்ட நூல் இது. நான் படித்தது ஆன் மக்லீனின் ஆங்கில மொழிபெயர்ப்பில்.

நூல் எனக்கு ஏன் முக்கியமாகப் பட்டது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். தமிழில் இப்போது குடும்ப வரலாற்றுக் கட்டுரைகள் நிறைய வருகின்றன. தாத்தாவைப் பற்றி, அப்பத்தாவைப் பற்றி, பர்மாவிலிருந்து நடந்தே வந்த பெரிய தாத்தாவைப் பற்றி. எல்லாவற்றையும் ஆசையாகத்தான் படிக்கிறேன். ஆனால் அந்தத் தாத்தாக்கள் எல்லாருமே நல்லவர்கள். பஞ்சத்தில் ஊருக்கே கஞ்சி ஊற்றியவர்கள். இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடைக்காரருக்கும் பேரன் பேத்திகள் இருப்பார்கள் இல்லையா? 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்த கூட்டத்தில் இருந்தவர்களின் படமும் ஏதோ ஒரு கூடத்தில் மாலையோடு தொங்கிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுப் பேரன் எழுதிய கட்டுரையை நான் இதுவரை படித்ததில்லை. அவன் எழுத உட்கார்ந்தால் முதல் வாக்கியம் எப்படி இருக்கும்? செர்காஸ் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அதனால் இதை ஒரு போர் நாவலாக நான் படிக்கவில்லை. ஒரு வேலைமுறையாகப் படித்தேன்.

வேலைமுறை என்றால் இதுதான். ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு குரல்கள். ஒற்றைப்படை அத்தியாயங்களில் செர்காஸ் 'நான்' என்று பேசுகிறார்: அம்மாவோடு சண்டை, காரில் பயணம், நண்பனோடு அரட்டை, எழுதலாமா வேண்டாமா என்ற புலம்பல். இரட்டைப்படை அத்தியாயங்களில் பெயரற்ற ஒரு வரலாற்றாசிரியனின் வறண்ட குரல். அந்தக் குரலுக்கு 'ஹவியேர் செர்காஸ்' என்பவரும் ஒரு மூன்றாம் மனிதர்தான். எந்தத் தேதியில் படைப்பிரிவு எங்கே இருந்தது, எந்த ஆவணம் என்ன சொல்கிறது, எது யாருடைய ஞாபகம் என்று அது அடுக்கிக்கொண்டே போகிறது. எங்கள் தொழிலில், பழைய கோடில் ஒரு வரி புரியவில்லை என்றால் அதை யார், என்றைக்கு எழுதினார்கள் என்று ஒரே கட்டளையில் எடுத்துவிடலாம். 'கிட் பிளேம்' என்று பெயர். குடும்ப ஞாபகத்துக்கு அப்படி ஒரு கட்டளை கிடையாது. சித்தி சொன்னது, சித்திக்கு அம்மாச்சி சொன்னது, அம்மாச்சி யாரிடமோ கேட்டது எல்லாம் ஒரே வாக்கியமாக உறைந்து, 'எங்க சித்தப்பா தங்கமான மனுஷன்' என்று நிற்கும். இரட்டைப்படை அத்தியாயங்கள் அந்த வாக்கியத்தைப் பிரித்து ஒவ்வொரு சொல்லுக்கும் கைகாட்டுகின்றன. இவ்வளவு அலுப்பூட்டும் பக்கங்களை ஒரு நாவலாசிரியர் வேண்டுமென்றே எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு மரியாதை உண்டு.

இதன் அருமை தெரிய அவருடைய பழைய நாவலை நினைத்துக்கொள்ள வேண்டும். 2001இல் வந்த 'சோல்ஜர்ஸ் ஆஃப் சலாமிஸ்' அவருக்கு உலகப்புகழ் கொடுத்தது. அதிலும் ஒரு சிப்பாயைத் தேடும் கதைதான். ஃபலாங்கேயின் ஆரம்பகாலத் தலைவர்களில் ஒருவரான எழுத்தாளர் சான்செஸ் மாஸாஸ், 1939இல் குடியரசுப் படையின் துப்பாக்கி வரிசையிலிருந்து தப்பிக் காட்டுக்குள் ஒளிகிறார். ஒரு சிப்பாய் அவரைக் கண்டுபிடித்துவிடுகிறான். கண்ணுக்குக் கண் பார்க்கிறான். சுடாமல் திரும்பிப் போகிறான். அந்தச் சிப்பாய் யார்? ஆவணம் அங்கே முடிந்துவிடுகிறது. செர்காஸ் அங்கே மிராயெஸ் என்ற கிழவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அவர்தானா இல்லையா என்பதை மூடியே வைக்கிறார். வாசிக்கும்போது தொண்டை அடைக்கும். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஆவணம் தீர்ந்த இடத்தில் நாவலாசிரியர் நமக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டார். குடியரசின் பக்கம் நின்ற நல்லவன் ஒருவன், அதுவும் நம் கண்ணீருக்குத் தயாராக. மேனாவின் விஷயத்தில் அந்தத் தந்திரத்தைப் போட முடியாது. எதிரியின் சட்டை போட்டிருப்பவனைக் கற்பனையில் நல்லவனாக்கினால் அது வெள்ளையடிப்பு, கெட்டவனாக்கினால் அது பேரனின் தப்பித்தல்.

முழுக்கத் தந்திரம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வரலாற்றாசிரியனின் குரல் ஒரு பழக்கத்தை விடவே மாட்டேன் என்கிறது. நான் இலக்கியவாதி இல்லை, எனக்குக் கற்பனை செய்ய உரிமை இல்லை என்று சொல்லும். பிறகு, இலக்கியவாதியாக இருந்தால் இந்த இரவில் இவன் இப்படி நினைத்திருப்பான் என்று எழுதியிருக்கலாம் என்று ஒரு முழுக் காட்சியையும் நம் முன் விரித்துவிடும். 'நான் அவரைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன்பா, ஆனா அவர் கடன் வாங்கினா திருப்பித் தர மாட்டார்' என்கிற மாதிரி. முதல் இரண்டு தடவை ரசித்தேன். அப்புறம் எரிச்சல் வந்தது. அவருக்கே தெரிந்துதான் செய்கிறார் என்பது எரிச்சலைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

ஆனால் கற்பனைக்குப் பதில் கேள்வி கேட்கும் இடங்களில் இந்த நூல் எங்கோ போய்விடுகிறது. முதலாவது, நிலத்தைப் பற்றிய பக்கங்கள். இபாஹெர்னாந்தோவில் செர்காஸின் முன்னோர் 'பெரிய வீடு'. ஊரில் மரியாதை, அதிகாரம், நாலு பேரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் வசதி. ஆனால் தோண்டிப் பார்த்தால் நிலம் அவர்களுடையதே இல்லை. உண்மையான சொந்தக்காரர்கள் ஊர்ப்பக்கமே வராத பிரபுக்கள். இவர்கள் குத்தகைக்கு எடுத்து உழுதவர்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஓரிரு துண்டு வாங்கியவர்கள். ஆக ஊரில் இருந்த எல்லாருமே ஒரே எஜமானனின் ஆட்கள்தான். சிலருக்குக் கைப்பிடி நிலம், மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. 1930களில் குடியரசு வந்து, கூலிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டபோது, இந்தக் கைப்பிடி நிலக்காரர்கள் தங்களையும் பிரபுக்களின் கூட்டமாக எண்ணிக்கொண்டார்கள். காவிரிப்படுகையின் எந்த ஊரிலிருந்து வருபவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மிராசுதாரர் பட்டணத்தில் இருப்பார். அவர் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர்தான் கூலிக்காரர் மீது கையை ஓங்குவார். மானுவேல் மேனா எதற்காகச் செத்தான் என்ற கேள்விக்கு நூல் தரும் மிக நேர்மையான பதில் இந்தக் கணக்குத்தான். அவன் அவனுடைய எதிரிகளுக்காகச் செத்தான். வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டாவது, எல் பெலாவோர். ஆட்டு ரோமம் கத்தரிப்பவர் என்று பொருள்படும் பட்டப்பெயர். மேனாவை நேரில் அறிந்த கிழவர்களில் மிஞ்சியவர். திரைப்பட இயக்குநர் தவித் த்ருவேபா (இவர்தான் 'சோல்ஜர்ஸ் ஆஃப் சலாமிஸ்' நாவலைப் படமாக்கியவர்) காமிராவைத் தூக்கிக்கொண்டு கூட வருகிறார். போகிற வழியெல்லாம் இரண்டு பேரும் நடுவயது ஆண்களுக்கே உரிய மொக்கைகளைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். அங்கே போய் உட்கார்ந்தால், கிழவர் மேனாவைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் வேறொன்று மெல்ல வெளியே வருகிறது. போரின் தொடக்கத்தில் அவருடைய அப்பாவைக் கொன்றுவிட்டார்கள். கொன்றது ஃபிராங்கோ தரப்பு, அதாவது இப்போது எதிரே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவரின் குடும்பம் நின்ற தரப்பு. இத்தனை வருடம் அதை அவர் பேசியதில்லை. நூலின் மிகச் சிறந்த பகுதி எனக்கு இதுதான். ஒருவனின் வாழ்க்கையைத் தேடிப் போகிறவர் தேடியதைக் கண்டுபிடிக்காமல், யாரும் தேடாத இன்னொரு சாவின் மீது கால் இடறி நிற்கிறார். செர்காஸ் இங்கே குரலை உயர்த்தவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கிழவரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் அந்த இடம் பாழாகியிருக்கும்.

இங்கே ஸ்பெயினின் பின்னணி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஜெயித்த தரப்பின் பிணங்களுக்குக் கல்லறை உண்டு, பதிவு உண்டு. தோற்றவர்களில் பல்லாயிரம் பேர் சாலையோரக் குழிகளில் கிடந்தார்கள். ஃபிராங்கோ செத்த பிறகு 1977இல் வந்த பொதுமன்னிப்புச் சட்டம் எல்லாவற்றையும் மூடிவைத்தது. 2000இல் பிரியாரான்ஸா டெல் பியெர்ஸோ என்ற ஊரில் ஒரு பேரன் தன் தாத்தா கிடந்த குழியைத் தோண்டி, 13 பேரின் எலும்புகளை வெளியே எடுத்த பிறகுதான் நாடு முழுக்கத் தோண்டும் இயக்கமே தொடங்கியது. நினைவுச் சட்டம் 2007இல் வந்தது. துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டதைப் பார்த்த ஈழத்து வாசகருக்கு, சாவிலும் ஜெயித்தவன் தோற்றவன் உண்டு என்பது புதுச் செய்தியாக இருக்காது. ஆக, செர்காஸ் எழுத உட்கார்ந்தபோது ஸ்பெயினில் எல்லாரும் தோற்றவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இவர் ஜெயித்தவனைத் தேடினார். விமர்சகர்கள் சிலருக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. என் கட்சி, அந்தத் தேடலும் நடக்கத்தான் வேண்டும். எரித்தவர்களின் வீட்டுப் பெட்டிகளைத் திறக்காமல் எரிந்தவர்களின் கதை முழுதாகாது.

அம்மாவைப் பற்றி ஒரு காட்சி. விபத்தில் அடிபட்டு வீட்டில் கிடக்கும் அம்மாவோடு உட்கார்ந்து செர்காஸ் அந்தோனியோனியின் 'லவ்வெந்தூரா' படத்தைப் பார்க்கிறார். ஒரு பெண் தீவில் காணாமல்போகிறாள், தேடுகிறார்கள், பாதிப் படத்துக்கு மேல் அவளை எல்லாரும் மறந்தேபோகிறார்கள். உலக சினிமா விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதிய அந்த மறதியை, சினிமாவைப் பற்றி ஒன்றும் தெரியாத கிராமத்துக் கிழவி ஒரே பேச்சில் பிடித்துவிடுகிறார்: ஒருத்தி காணாமல்போனாள், ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லாரும் இருக்கிறார்களே. மகனுக்கு அப்போதுதான் புரிகிறது, அம்மா வாழ்நாள் முழுக்கச் சித்தப்பாவை எந்த இடத்தில் வைத்திருந்தார் என்று. அவருக்கு ஃபிராங்கோவும் தெரியாது, ஃபலாங்கேயும் தெரியாது. காணாமல்போன ஒருவனை மறக்கக்கூடாது, அவ்வளவுதான்.

நூலின் தலைப்பு ஹோமரிடமிருந்து. கிரேக்கர்களுக்கு 'அழகிய சாவு' என்று ஒரு கருத்து உண்டு: இளமையில், போரில், புகழோடு சாவது. அக்கிலிஸ் அதன் உச்சம். ஆனால் ஒடிஸியில், பாதாளத்தில் சந்திக்கும்போது அதே அக்கிலிஸ், செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட உயிரோடு ஒரு ஏழையிடம் கூலியாளாக இருப்பது மேல் என்கிற அர்த்தத்தில் பேசிவிடுகிறான். புறநானூற்று மறக்குடித் தாய்மாரைப் பாடப்புத்தகத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாம். போர்க்களத்தில் மகன் உடலைக் கண்டு, பெற்றபோதைவிடப் பெரிதாக மகிழ்ந்த தாய்க்குப் பரீட்சையில் பத்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். செத்த மகன் என்ன சொல்லியிருப்பான் என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. மேனா என்ன சொன்னான் என்பதற்கு செர்காஸுக்குக் கிடைப்பது மங்கலான ஒரு ஞாபகச் சரடு மட்டும்தான். கடைசிக் காலத்தில் அவனுக்குப் போர் அலுத்துவிட்டது, தான் போகாவிட்டால் அண்ணன் போகவேண்டி வரும் என்பதால்தான் திரும்பிப் போனான் என்கிறது அது. இது உண்மையாக இருக்கலாம். எல்லாக் குடும்பங்களும் கடைசியில் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்பதும் உண்மை. வரலாற்றாசிரியனின் குரல் இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் இளகிவிடுகிறது என்று எனக்குப் பட்டது.

இனி என் பெரிய மனக்குறை. மேனாவின் புகைப்படத்தை செர்காஸ் பக்கக்கணக்காக வர்ணிக்கிறார். இளம் அதிகாரியின் சீருடை, 'இஃப்னி துப்பாக்கி வீரர்கள்' படைப்பிரிவின் சின்னம். இஃப்னி என்பது மொராக்கோவின் அட்லாண்டிக் கரையில் 1934இல் ஸ்பெயின் கைப்பற்றிய ஒரு துண்டு நிலம். 1969இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் படைப்பிரிவில் அதிகாரிகள் பெரும்பாலும் ஸ்பானியர்கள், சிப்பாய்கள் பெரும்பாலும் அந்த மண்ணின் ஆட்கள். சம்பளத்துக்காக அயல்நாட்டு உள்நாட்டுப் போரில் சாக வந்தவர்கள். மானுவேல் மேனாவுக்கு முன்னால் ஓடியவர்கள் அவர்கள்தான். அவனுக்குச் சேவைப் பதிவு இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது, பிறகு உலகம் படிக்கும் பேரன் ஒருவன் இருக்கிறான். அவர்கள் இந்த நூலில் பெரும்பாலும் ஒரு கூட்டமாக, படைநகர்வின் ஓர் அம்புக்குறியாக வந்துபோகிறார்கள். ஆவணம் இல்லை என்பது சரி. ஆனால் மேனாவின் மனத்துக்குள் ஆவணம் இல்லாத ஒவ்வொரு இடத்திலும் நின்று, இங்கே எனக்குத் தெரியவில்லை என்று அறிவிக்கும் அந்தக் கறாரான குரல், இவர்களிடம் வரும்போது தெரியவில்லை என்றுகூட நின்று சொல்வதில்லை. டேட்டாபேஸில் 'நல்' என்று ஒரு மதிப்பு உண்டு. இங்கே ஏதோ இருக்கவேண்டும், அது என்ன என்று தெரியாது என்று பொருள். பூஜ்யம் வேறு. மேனாவின் காலியிடங்களை செர்காஸ் 'நல்' என்று குறிக்கிறார். இஃப்னிக்காரர்களுக்குப் பூஜ்யம் போட்டுவிடுகிறார்.

எனக்கு இது உறுத்துவதற்குக் காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் பல கிராமங்களில் பழைய பள்ளிக்கூடச் சுவரிலோ சாவடியிலோ ஒரு வெள்ளைப் பளிங்குப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். 1914 முதல் 1919 வரையிலான பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். எண்கள் மட்டும். யார் என்று இருக்காது. மெசப்பொத்தேமியாவில் செத்தவர்களுக்காக 1929இல் பாஸ்ராவில் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலும் இதே கதை. வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பெயர், சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கை. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையமே 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, இதுபோன்ற பாகுபாடுகளுக்கு இனவெறியும் காரணம் என்று ஒப்புக்கொண்டது. இவர்களும் தவறான பக்கத்தில் செத்தவர்கள்தான், அல்லது எந்தப் பக்கமும் இல்லாமல் செத்தவர்கள்.

இத்தனைக்கும் பெயர் பொறிப்பது நமக்குப் புதிது இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலம், ஏழாம் நூற்றாண்டு. மாடு மீட்கும் சண்டையில் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. கள்வர் இருவரைக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே இருக்கிறது. பாஸ்ராவில் பட்டியலிட்டவர்களுக்கு அச்சகம் இருந்தது, சம்பளப் பதிவேடு இருந்தது, ரெஜிமெண்ட் எழுத்தர்கள் இருந்தார்கள்.

கடைசிப் பக்கங்களில் செர்காஸ் போட் ஊரில் மேனா உயிர்விட்ட அந்த வீட்டுக்குள் போகிறார். அதுவரை பிடித்துவைத்திருந்த கடிவாளம் அங்கே அறுந்துபோகிறது. வாக்கியங்கள் நீளமாகின்றன. யாரும் சாவதில்லை, முன்னோர்கள் நம் உடம்பில் தொடர்ந்து வாழ்கிறார்கள், எல்லாம் ஒரு முடிவற்ற நிகழ்காலம் என்கிற ரீதியில் ஒரு பரவசம். நிறைய பேருக்குப் பிடித்த முடிவு இது. அழகாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் நூல் முழுக்கக் கேட்ட கேள்வியிலிருந்து இது நழுவிப்போவது மாதிரி இருந்தது எனக்கு. எல்லாரும் எல்லாரிடமும் வாழ்கிறார்கள் என்றால் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்கு என்ன மதிப்பு? எல் பெலாவோரின் அப்பாவும் அந்த நிகழ்காலத்தில் இருக்கிறாரா? அதே வாரத்தில், அதே குன்றுகளில் அடிபட்ட இஃப்னி சிப்பாய்களை எந்த வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள்? அறையின் ஜன்னலை, சுவரை, வெளிச்சத்தை எல்லாம் கவனிக்கும் செர்காஸ் இதை அங்கே யாரிடமாவது ஒருமுறை கேட்டிருக்கலாம்.